துளி துளியாய்ச் சேமிக்கும் பாலை மான்

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்து, முக்கியக் கருத்துகளைக் குறிப்பெடுத்திடுக.

முன்னுரை

செராஸ் வட்டாரத்துப் பள்ளித் திடலொன்றில் நண்பகல் வேளையில் பத்து நிமிடம் ஓடினாலே சட்டை உடலோடு ஒட்டிக்கொள்ளும். வியர்வை வழியுமே தவிர, எளிதில் உலராது. கோலாலம்பூர்க் காற்றில் ஏற்கனவே ஈரப்பதம் மிகுந்திருப்பதே இதற்குக் காரணம். வியர்வை வெளிவருவதால் மட்டும் உடல் குளிர்ந்துவிடுவதில்லை. அது ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. ஒரு கிராம் நீர் தோலின்மேல் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆவியாகாமல் தரையில் சொட்டும் வியர்வையோ உடலைக் குளிர்விக்காமலே வீணாகிறது. எனினும், நம் நாட்டில் இழந்த நீரை ஈடு செய்வது எளிது. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் ஒரு குவளை நீர் பருகினால் தாகம் தீர்ந்துவிடும்.

இந்தியாவின் வடமேற்கே பரந்து கிடக்கும் தார் பாலைவனத்தில் நிலைமை தலைகீழானது. அங்குக் காற்று மிகவும் வறண்டது. வியர்வை தோன்றிய உடனே உலர்ந்து, உடலை நன்றாகக் குளிர்விக்கும். ஆனால், அவ்வாறு இழந்த நீரை ஈடு செய்யத்தான் வழியில்லை. ஜெய்சல்மேர் வட்டாரத்தில் ஓராண்டில் பெய்யும் மழை 200 மில்லிமீட்டரை ஒட்டியதே. கோலாலம்பூரிலோ அது 2,500 மில்லிமீட்டர் அளவை எட்டும். மலேசியாவில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 40.1 பாகை செல்சியஸ். அது 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் பதிவானது. தார் பாலைவனத்தின் விளிம்பில் உள்ள பலோடி நகரில் 2016ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் 51 பாகை செல்சியஸ் பதிவானது.

அத்தகைய நிலத்தில் ஓர் ஆட்டின் அளவே உள்ள மான் ஒன்று, பல நாள் நீர் பருகாமலே உயிர் வாழ்கிறது. அதன் பெயர் சிங்காரா. ராஜஸ்தான் மாநிலத்தின் மாநில விலங்காகவும் அது போற்றப்படுகிறது.

மானும் இரலையும்

தமிழில் 'மான்' என்னும் ஒரு சொல்லே இருவேறு விலங்குக் குடும்பங்களைக் குறித்து வழங்குகிறது. புள்ளிமானும் கடமானும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றில் ஆணுக்கு மட்டுமே கிளைகளாகப் பிரிந்த கொம்புகள் வளரும். அவை குறிப்பிட்ட காலத்தில் உதிர்ந்து மீண்டும் முளைக்கும். மற்றொரு குடும்பத்தைச் சேர்ந்த மான்களின் கொம்புகள் கிளைப்பதில்லை, உதிர்வதும் இல்லை. அவை ஆடு, மாடுகளுக்கு நெருங்கிய உறவுடையவை. முறுக்கிய கொம்புடைய இவ்வகை மானைப் பழந்தமிழ் இலக்கியம் 'இரலை' என்று தனியே பெயரிட்டு அழைத்துள்ளது. தமிழ்நாட்டின் கோடிக்கரையிலும் சென்னைக் கிண்டியிலும் காணப்படும் வெளிமான் ஓர் இரலையே. சிங்காராவும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

முழுமையாக வளர்ந்த சிங்காராவின் உயரம் ஏறக்குறைய 65 சென்டிமீட்டர். எடை ஏறக்குறைய 23 கிலோகிராம். வெளிமான் புல்வெளிகளில் பெருங்கூட்டமாக மேய்ந்து, நீர்நிலையை நாடிச் சென்று நீர் பருகும். சிங்காராவோ ஒன்றிரண்டாகவோ சிறு குழுவாகவோ திரிந்து, புதர்களின் இலைகளைக் கடித்துத் தின்னும். நீர்நிலை இல்லாத இடங்களிலும் அதனால் வாழ முடியும்.

வெப்பமான வறண்ட நிலங்களில் வாழும் சிறு இரலைகள் வேறு நாடுகளிலும் உள்ளன. சகாரா பாலைவனத்தில் டோர்காஸ் மான், தென்னாப்பிரிக்காவில் ஸ்பிரிங்பாக், கிழக்கு ஆப்பிரிக்காவில் கிராண்ட் மான் ஆகியவை அவற்றுள் சில. டிக்டிக் எனப்படும் மிகச் சிறிய இரலையும் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்கிறது. அதன் எடை மூன்று முதல் ஆறு கிலோகிராம்தான். மலேசியக் காடுகளில் வாழும் சருகுமானை நினைவூட்டும் உருவம் அது. இவ்விலங்குகளை ஆராய்ந்த அறிவியலாளர்கள், நீரின்றி வாழும் வழிகள் பலவற்றைக் கண்டறிந்துள்ளனர்.

சிறிய உடலின் சிக்கல்

பாலைவன விலங்கு என்றதும் ஒட்டகமே நினைவுக்கு வரும். ஒட்டகத்தின் வழியைச் சிறு மான் பின்பற்ற இயலுமா? இதற்கு எளிய கணக்கு ஒன்று விடை தரும்.

1950களில் சகாரா பாலைவனத்தில் ஒட்டகத்தை ஆராய்ந்த கனுட் ஷ்மிட்-நீல்சன் என்னும் அறிவியலாளர், நீர் கிடைக்காத ஒட்டகத்தின் உடல் வெப்பநிலை விடியலில் 34 பாகைக்குத் தாழ்ந்து, பிற்பகலில் 40 பாகைக்கு உயர்வதைக் கண்டார். பகல் முழுவதும் உடலில் சேரும் வெப்பத்தை ஒட்டகம் வியர்வையால் வெளியேற்றுவதில்லை. இரவில் குளிர்ந்த காற்றில் செலவின்றி வெளியேற்றுகிறது. விலங்கின் உடலில் ஒரு கிலோகிராமை ஒரு பாகை சூடாக்க ஏறக்குறைய 3.5 கிலோஜூல் வெப்பம் தேவை. 500 கிலோகிராம் எடையுள்ள ஒட்டகம் ஆறு பாகை சூடேறும்போது 10,500 கிலோஜூல் வெப்பத்தைத் தாங்கிக்கொள்கிறது. அந்த வெப்பத்தை வியர்த்து வெளியேற்ற வேண்டுமானால் நான்கு லிட்டருக்கும் மேற்பட்ட நீர் செலவாகும்.

இதே கணக்கை 20 கிலோகிராம் எடையுள்ள மானுக்குப் பொருத்திப் பார்க்கலாம். அதன் உடல் நான்கு பாகை சூடேறினால் சேரும் வெப்பம் 280 கிலோஜூல்தான். அதனால் மிச்சமாகும் நீர் 120 மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவு. அஃதாவது, ஒரு சிறிய தேநீர்க் கோப்பை அளவு.

மேலும், சிறிய உடல் விரைவில் சூடாகிவிடும். ஒரு சென்டிமீட்டர் பக்கமுடைய கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர்; கன அளவு ஒரு கன சென்டிமீட்டர். பக்கத்தை இரண்டு சென்டிமீட்டராக்கினால் மேற்பரப்பு 24 ஆகும். கன அளவோ எட்டு ஆகும். முன்னதில் ஒவ்வொரு கன சென்டிமீட்டருக்கும் 6 சதுர சென்டிமீட்டர் பரப்பு உள்ளது. பின்னதில் 3 மட்டுமே. உருவம் சிறுத்தால் உடல் எடையோடு ஒப்பிடும்போது வெயில் படும் பரப்பு மிகும். பெரிய பானை நீரைவிடச் சிறிய கிண்ணத்து நீர் விரைவில் சூடேறுவதும் இதனால்தான்.

ஆகவே, ஒட்டகத்துக்குக் கைகொடுக்கும் ஒரே பெருவழி சிறு மானுக்குப் போதாது. பல வழிகளில், ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாக, அது நீரைச் சேமித்தாக வேண்டும்.

பொழுதறிந்து வாழ்தல்

நிலத்தை ஐந்தாகப் பகுத்த தமிழர், பாலைக்குரிய பெரும்பொழுதாக வேனிலையும் சிறுபொழுதாக நண்பகலையும் வகுத்தனர். பாலையின் கொடுமை முழுமையாக வெளிப்படும் வேளை நண்பகல் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். சிங்காராவின் அன்றாட வாழ்க்கையும் அந்த நண்பகலைத் தவிர்ப்பதற்காகவே அமைந்துள்ளது.

அதிகாலையிலும் மாலையிலும் இரவிலும் அது மேய்கிறது. வெயில் ஏறத் தொடங்கியதும் மரநிழலிலோ புதர் அடியிலோ ஒதுங்கி, அசைபோட்டபடி படுத்துக்கிடக்கிறது. நடந்தால் தசைகள் வெப்பத்தை உண்டாக்கும். அவ்வெப்பத்தை நீக்க நீர் வேண்டும். எனவே, அசையாமல் இருப்பதே நீரைச் சேமிக்கும் முதல் வழியாகிறது.

நிழல் இல்லாத வேளையிலும் இரலைகள் வேறு வழிகளைக் கையாளுகின்றன. ஸ்பிரிங்பாக் மான் வெட்டவெளியில் மேயும்போது, சூரியன் இருக்கும் திசைக்கு நேராக உடலை நீளவாக்கில் நிறுத்திக்கொள்ளும். அதனால் பக்கவாட்டு உடல் முழுவதும் வெயிலில் காய்வது தவிர்க்கப்படுகிறது. சிங்காராவின் முதுகில் உள்ள மணல் நிற உரோமம் வழவழப்பானது. அதன் வெண்ணிற வயிறு, மணலில் பட்டுத் தெறிக்கும் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது.

1960களின் இறுதியில் கிராண்ட் மானை வெப்பமான ஆய்வறையில் வைத்து ஆராய்ந்த சி. ரிச்சர்ட் டெய்லர், அதன் உடல் வெப்பநிலை 45 பாகையையும் தாண்டியதைப் பதிவு செய்தார். அத்தகைய வெப்பம் பெரும்பாலான பாலூட்டிகளைக் கொன்றுவிடும். பின்னர், காட்டில் தன் போக்கில் திரியும் ஸ்பிரிங்பாக் மான்களின் உடலில் சிறு கருவிகளைப் பொருத்தி அறிவியலாளர்கள் அளந்தனர். அவற்றின் உடல் வெப்பநிலை அந்த அளவுக்கு உயரவில்லை. ஆய்வறையில் அடைபட்ட மானுக்கு நிழலைத் தேடிச் செல்ல வழியில்லை. காட்டு மானுக்கு அவ்வழி உண்டு. ஒரு விலங்கின் உடலை மட்டும் ஆராய்ந்தால் போதாது, அது எங்கே, எப்போது, என்ன செய்கிறது என்பதையும் ஆராய வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

உணவில் கிடைக்கும் நீர்

நீர் பருகாத மானுக்கு நீர் எங்கிருந்து கிடைக்கிறது? பெரும்பகுதி அது தின்னும் இலை, காய், கனிகளிலிருந்து கிடைக்கிறது. சிங்காரா இலந்தைப் புதரின் இலையையும் கனியையும் உண்கிறது. வன்னி மரத்தின் இலையையும் நெற்றுகளையும் உண்கிறது. இவை வேர்களை ஆழமாகச் செலுத்தி நீரை எடுக்கும் தாவரங்கள். வேனிலில் புல் காய்ந்து சருகான பிறகும் அவற்றின் இலைகளில் ஈரம் இருக்கும். ஆகவே, மானால் எட்ட முடியாத நிலத்தடி நீரை மரமே இலை வடிவில் அதற்கு எடுத்துக் கொடுக்கிறது எனலாம். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் டோர்காஸ் மான்கள் மணலைக் குளம்பால் தோண்டி, அடியில் உள்ள செடிகளின் கிழங்குகளைத் தின்கின்றன.

உண்ணும் நேரமும் முக்கியமானது. கென்யாவில் கிராண்ட் மான்கள் மேயும் டிஸ்பெர்மா என்னும் புதரின் இலைகளை டெய்லர் ஆராய்ந்தார். பகலில் அவ்விலைகளில் ஒரு விழுக்காடு நீரே இருந்தது. கையில் எடுத்தால் பொடியாக நொறுங்கும் நிலை. இரவில் காற்று குளிர்ந்து அதன் ஈரப்பதம் மிகுந்தபோது, அதே காய்ந்த இலைகள் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்தன. அவற்றின் நீர் அளவு 40 விழுக்காட்டை எட்டியது. பகலில் மேய்ந்தால் சருகு. இரவில் மேய்ந்தால் உணவோடு நீரும். மான்கள் இரவிலும் விடியலிலும் மேய்வதன் பயன் இதனால் மேலும் தெளிவாகிறது.

உணவு உடலில் செரித்து ஆற்றலாக மாறும்போதும் நீர் உண்டாகிறது. ஒரு கிராம் கொழுப்பு முழுமையாக எரியும்போது ஏறக்குறைய ஒரு கிராம் நீரும், ஒரு கிராம் மாவுச்சத்து எரியும்போது அதில் பாதிக்குச் சற்று மேற்பட்ட நீரும் கிடைக்கும். இதனை வளர்சிதை மாற்ற நீர் என்பர். இதன் அளவு சிறிதே. எனினும், சிறுகச் சேமிக்கும் விலங்குக்கு அதுவும் பயன்படுகிறது.

நீரை மீட்கும் மூக்கு

பனிக்கட்டி இட்ட சிராப் குவளையைச் சிறிது நேரம் மேசைமேல் வைத்தால், அதன் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் படிகின்றன. காற்றிலுள்ள நீராவி, குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் நீராக மாறுவதே இதற்குக் காரணம். மானின் மூக்கிலும் இதே செயல் நிகழ்கிறது.

மூச்சை உள்ளிழுக்கும்போது வறண்ட காற்று மூக்கின் ஈரமான உட்சுவரை உரசிச் செல்கிறது. அங்குள்ள ஈரம் ஆவியாவதால் மூக்கின் உட்சுவர் குளிர்கிறது. நுரையீரலுக்குச் சென்ற காற்று 37 பாகைக்குச் சூடாகி, நீராவி நிறைந்து திரும்புகிறது. அக்காற்று குளிர்ந்த மூக்கைக் கடந்து வெளியேறும்போது, நீராவியில் ஒரு பகுதி மூக்கிலேயே நீராகப் படிந்துவிடுகிறது. 37 பாகையில் நீராவி நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் 44 கிராம் நீர் இருக்கும்; அதே காற்று 28 பாகைக்குக் குளிர்ந்தால் அதில் ஏறக்குறைய 27 கிராம் மட்டுமே தங்கும். எஞ்சிய 17 கிராம் மீண்டும் உடலுக்குக் கிடைக்கிறது. டிக்டிக் மானின் நீண்ட மூக்கில் இதற்கான பரப்பும் மிகுதி.

வெயில் கடுமையாகும்போது இதே மூக்கு வேறொரு பணியைச் செய்கிறது. சிறு இரலைகள் பெரும்பாலும் வியர்ப்பதைவிட வேகமாக மூச்சிரைத்தே உடலைக் குளிர்விக்கின்றன. வியர்த்தால் நீரோடு உப்பும் வெளியேறும். மூச்சிரைத்தால் உப்பு உடலிலேயே தங்கும். ஆயினும், மூச்சிரைத்தலும் நீரைச் செலவழிக்கும் செயலே. எனவே, அதனை முடிந்தவரை தள்ளிப்போட ஒரு வழி வேண்டும். அவ்வழி மானின் தலைக்குள் அமைந்துள்ளது.

மூளைக்கு அடியில் ஒரு வலை

இதயத்திலிருந்து மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய், இரலைகளின் மூளைக்கு அடியில் நூற்றுக்கணக்கான நுண்குழாய்களாகப் பிரிந்து ஒரு வலைபோல் அமைகிறது. மூக்கில் குளிர்ந்த இரத்தம் திரும்பி வரும் வழியில் இவ்வலையைச் சூழ்ந்து நிற்கிறது. சூடான இரத்தம் இவ்வலையைக் கடக்கும்போது, தன் வெப்பத்தைக் குளிர்ந்த இரத்தத்துக்குக் கொடுத்துவிட்டு மூளையை அடைகிறது. 1972ஆம் ஆண்டு டெய்லரும் லைமனும் வெளியிட்ட ஆய்வில், ஓடிக்கொண்டிருந்த தாம்சன் மானின் மூளை, அதன் உடல் இரத்தத்தைவிட ஏறக்குறைய 2.7 பாகை குளிர்ந்திருந்தது.

மூளை வெந்துவிடாமல் காப்பதே இவ்வலையின் பணி என்று முதலில் கருதப்பட்டது. பிற்கால ஆய்வுகள் வேறொரு விளக்கத்தை முன்வைத்தன. உடல் வெப்பத்தைக் கண்காணித்து, வியர்க்கவும் மூச்சிரைக்கவும் கட்டளையிடும் பகுதி மூளையில்தான் உள்ளது. அப்பகுதி குளிர்ந்திருந்தால், உடல் ஓரளவு சூடேறியிருந்தாலும் அக்கட்டளை பிறப்பதில்லை. அதனால் நீர் மிச்சமாகிறது. செம்மறியாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வும் இவ்விளக்கத்திற்கு வலுச் சேர்த்தது. ஆகவே, இவ்வலை மூளையைக் காக்கும் கவசம் என்பதைவிட, நீர்ச் செலவைக் கட்டுப்படுத்தும் அமைப்பு என்பதே பொருத்தமாகும்.

கழிவிலும் சிக்கனம்

உடலில் சேரும் கழிவுகளைச் சிறுநீர் வழியாக நீக்க நீர் தேவை. பாலைநில இரலைகளின் சிறுநீரகம், மிகக் குறைந்த நீரில் மிகுந்த கழிவைக் கரைத்து வெளியேற்றும் திறன் பெற்றது. டிக்டிக் மானின் சிறுநீர், மனிதனின் சிறுநீர் அடையக்கூடிய உச்ச அடர்த்தியைப் போல் மூன்று மடங்கு அளவுக்கு அடர்த்தியாகும்.

இரலைகள் அசைபோடும் விலங்குகள். புரதம் சிதைவதால் உண்டாகும் யூரியாவின் ஒரு பகுதியை அவை சிறுநீரில் விடாமல் இரைப்பைக்கே திருப்பி அனுப்புகின்றன. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனைக் கொண்டு மீண்டும் புரதத்தை உருவாக்குகின்றன. கழிவு உணவாக மாறுகிறது. அதனை வெளியேற்றத் தேவையான நீரும் மிச்சமாகிறது.

பெருங்குடலும் தன் பங்கைச் செய்கிறது. மாட்டுச் சாணத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு நீர் இருக்கும். வறட்சியில் வாழும் டிக்டிக் மானின் புழுக்கையில் பாதியளவே நீர் உண்டு. சிங்காராவின் புழுக்கையும் சிறிய, உலர்ந்த உருண்டைகளாகவே விழுகிறது.

சேமிப்பைக் கலைக்கும் ஆபத்து

இதுவரை கண்ட வழிகளில் எதுவும் தனியே சிங்காராவைக் காப்பாற்றுவதில்லை. நிழலில் சிறிது, உணவில் சிறிது, மூச்சில் சிறிது, கழிவில் சிறிது என்று சேர்ந்த சேமிப்பே அதன் உயிர். வரவுக்கும் செலவுக்கும் இடைவெளி மிகக் குறைவாக இருப்பதால், எதிர்பாராத ஒரு பெருஞ்செலவு அனைத்தையும் கலைத்துவிடும்.

அத்தகைய பெருஞ்செலவு, நண்பகல் ஓட்டம். ஓடும் விலங்கின் தசைகள், படுத்திருக்கும்போது உண்டாவதைப் போல் பல மடங்கு வெப்பத்தை உண்டாக்கும். அச்சம் இதனினும் கொடியது. தென்னாப்பிரிக்காவில் கருப்பு வில்டபீஸ்ட் என்னும் பெரிய இரலையை ஆராய்ந்தபோது, அது துரத்தப்பட்டு மிரண்டு ஓடும் வேளையில் மூளைக்கு அடியிலுள்ள வலையின் குளிரூட்டும் பணி நின்றுவிடுவது தெரியவந்தது. தப்பிப் பிழைப்பதே முதன்மை என்னும் நிலையில், உடல் நீரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. பழங்காலத்தில் இத்தகைய ஓட்டம் எப்போதாவது நேர்ந்தது. இன்று ராஜஸ்தானின் ஊர்ப்புறங்களில் பெருகிவிட்ட தெருநாய்க் கூட்டங்கள் பகலிலும் சிங்காராக்களைத் துரத்துகின்றன. நாய்களால் கடியுண்டு மான்கள் இறக்கும் செய்திகள் அடிக்கடி வருகின்றன.

நிலமும் மாறிவருகிறது. 1958ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பெரிய கால்வாய்த் திட்டம், இன்று இந்திரா காந்தி கால்வாய் என்று வழங்குகிறது. அது பாலைநிலத்திற்கு நீரைக் கொண்டுவந்தது, மக்களுக்கு வாழ்வளித்தது. அதே வேளையில் புதர்க்காடுகள் வயல்களாயின. வயல்களைச் சுற்றி வேலிகள் எழுந்தன. நீரே வேண்டாமல் வாழக் கற்ற விலங்கு, நீர் வந்த பின்னர் தன் நிழலையும் உணவையும் இழந்து நிற்கிறது.

வன்னி மரமும் மக்களும்

தமிழர் வன்னி என்றழைக்கும் மரத்தை ராஜஸ்தான் மக்கள் கேஜ்ரி என்பர். பாண்டவர் தம் ஆயுதங்களை மறைத்து வைத்ததாக மகாபாரதம் கூறும் மரம் இதுவே. சிங்காராவுக்கு நிழலும் உணவும் தரும் இம்மரத்தையும் அம்மானையும் காப்பதைத் தம் சமய நெறியாகவே கொண்டவர்கள் பிஷ்னோய் மக்கள். 1485ஆம் ஆண்டு குரு ஜம்பேஸ்வரர் வகுத்த 29 நெறிகளைப் பின்பற்றும் அவர்கள், பச்சை மரத்தை வெட்டுவதில்லை; விலங்குகளை வேட்டையாட விடுவதில்லை.

1730ஆம் ஆண்டு ஜோத்பூர் அரண்மனைக் கட்டுமானத்திற்காகக் கேஜர்லி என்னும் ஊரில் வன்னி மரங்களை வெட்ட ஆள்கள் வந்தனர். அம்ரிதா தேவி என்னும் பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு தடுத்தார். அவர் வெட்டுண்டு இறந்தார். அவரைத் தொடர்ந்து ஊர் ஊராக மக்கள் திரண்டு வந்து மரங்களைத் தழுவி நின்றனர். மொத்தம் 363 பேர் உயிர் துறந்தனர். அதன் பின்னரே மரம் வெட்டுவதை அரசர் நிறுத்தினார். இன்றும் பிஷ்னோய் ஊர்களின் அருகே சிங்காராக்களும் வெளிமான்களும் அச்சமின்றி மேய்வதைக் காணலாம். 1972ஆம் ஆண்டின் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இவ்விரு மான்களையும் வேட்டையிலிருந்து காக்கிறது.

முடிவுரை

சிங்காராவைக் காப்பதற்குப் பாலைவனத்தில் பெரிய குளங்கள் தேவையில்லை. வேண்டியவை ஒரு வன்னி மரம், சில இலந்தைப் புதர்கள், துரத்துவார் இல்லாத நண்பகல் ஆகியவைதாம். ஒரு விலங்கைக் காக்க விரும்புவோர், அது எதைக் கொண்டு உயிர் வாழ்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அறிவியல் ஆய்வுகள் அண்மையில் விளக்கிய இவ்வுண்மையை, மரத்தையும் மானையும் ஒருங்கே காத்த மக்கள் தங்கள் வாழ்க்கையில் கடைப்பிடித்துக் காட்டியுள்ளனர்.

அருஞ்சொற்பொருள்

இரலை – கிளைக்காத, உதிராத கொம்புடைய மான் வகை
வேனில் – கோடைக்காலம்
அசைபோடுதல் – விழுங்கிய உணவை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து மெல்லுதல்
நெற்று – முற்றிக் காய்ந்த காய்
வளர்சிதை மாற்றம் – உணவு உடலில் ஆற்றலாகவும் பிற பொருள்களாகவும் மாறும் செயல்
புழுக்கை – ஆடு, மான் முதலியவற்றின் உருண்டைச் சாணம்

கருத்துணர் கேள்விகள்

1. கோலாலம்பூரில் வியர்வை எளிதில் உலராததற்குக் காரணம் என்ன?
2. புள்ளிமானுக்கும் இரலைக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டனை எழுதுக.
3. ஒட்டகம் கையாளும் வழி சிறு மானுக்குப் போதாது. ஏன்? கட்டுரையில் உள்ள கணக்கைக் கொண்டு விளக்குக.
4. கிராண்ட் மான் இரவில் மேய்வதால் பெறும் நன்மை யாது?
5. மூளைக்கு அடியிலுள்ள வலையைப் பற்றிய விளக்கம் எவ்வாறு மாறியது?
6. 'நீரே வேண்டாமல் வாழக் கற்ற விலங்கு, நீர் வந்த பின்னர் தன் நிழலையும் உணவையும் இழந்து நிற்கிறது.' இக்கூற்றின் கருத்தை விளக்குக.

நடவடிக்கை

1. சிங்காரா நீரைச் சேமிக்கும் வழிகளை மனவோட்டவரையில் வகைப்படுத்திக் காட்டுக.
2. 'கால்வாய் வேண்டும், மானும் வேண்டும்.' இவ்விரண்டும் ஒருங்கே இயலுமா? குழுவில் கலந்துரையாடி, கருத்துகளை வகுப்பில் படைத்திடுக.
3. மலேசியாவில் வாழிடம் சுருங்கியதால் அல்லலுறும் விலங்கு ஒன்றனைத் தேர்ந்தெடுத்து, அது எதைக் கொண்டு உயிர் வாழ்கிறது என்பதை ஆராய்ந்து 120 சொற்களில் கட்டுரை எழுதுக.